கம்பளி நூலுக்கு இயற்கைச் சாயம்: மஞ்சிட்டி, செண்டுமல்லி, மாதுளைத் தோல் கொண்டு வீட்டில் செய்யும் முறை

நம் ஊரில் இயற்கைச் சாயம் என்று யாரிடம் கேட்டாலும் பேச்சு கடுக்காயில்தான் தொடங்கும். துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவை, எருமைப்பால் சேர், வெயிலில் உலர்த்து, பிறகு படிகாரம். சோழமண்டலக் கரையில் கலம்காரி எழுதியவர்களும் சாயவேரில் சிவப்பு ஏற்றியவர்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்து தேர்ந்த முறை அது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கம்பளி நூலைக் கடுக்காயில் ஊறவைத்தேன், சலவை சோடா போட்டுக் கொதிக்க விட்டேன், எடுத்து நேராகக் குழாய்த் தண்ணீரில் அலசினேன். கையில் வந்தது நூலே இல்லை. இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பழைய தாம்புக்கயிறு போல் கெட்டிப்பட்டு, அழுக்கு மஞ்சளில் கிடந்தது.

தவறு கடுக்காயுடையது இல்லை. அந்த முறை முழுக்க முழுக்கப் பருத்திக்கானது. பருத்தி செடியின் நார், கம்பளி ஆட்டின் முடி. ஒன்று செல்லுலோஸ், மற்றது நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்ற புரதம். பருத்தி காரத்தைத் தாங்கும், கொதியைத் தாங்கும், அடித்துத் துவைப்பதையும் தாங்கும். ஆனால் படிகாரத்தை அது எளிதில் பிடித்துக்கொள்ளாது, அதனால்தான் நடுவில் கடுக்காயின் துவர்ப்பு தேவைப்படுகிறது. கம்பளிக்கு இதெல்லாம் தலைகீழ். படிகாரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும், சாயத்தையும் ஆவலோடு வாங்கும். காரம், சடாரென்று மாறும் சூடு, கசக்கல் மூன்றையும் மட்டும் பொறுக்காது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள ஒவ்வொரு படியும் ஏன் அப்படி இருக்கிறது என்று உங்களுக்கே புரியும்.

முதலில், உங்கள் கையில் இருப்பது கம்பளிதானா?

கடையில் 'உல்லன் நூல்' என்று விற்கும் பலவண்ண உருண்டைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக். அது பிளாஸ்டிக் இழை. செடிச் சாயம் எதுவும் அதில் ஏறாது. சந்தேகம் இருந்தால் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு பொசுங்கித் தானாக அணையும். எஞ்சும் சாம்பல் விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், தொடர்ந்து எரியும், கடைசியில் கல் போன்ற கறுப்பு மணியாக இறுகும்.

வெள்ளை அல்லது இளம் பழுப்பு நிறச் சாயமேற்றாத மெரினோ ஆட்டுக் கம்பளி நூல் 100 கிராம் போதும், தொடங்க. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும், நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் கம்பளிக்காக ஆடு வளர்க்கும் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. நீலகிரி ஆடு என்று நமக்கே உரிய மென்கம்பளி இனமும் உண்டு. 'சூப்பர்வாஷ்' என்று எழுதிய நூல் கிடைத்தாலும் பரவாயில்லை. கம்பளி இழையின் மேலுள்ள செதில்களை ஆலையிலேயே மழுக்கியிருப்பார்கள், அதனால் கெட்டிப்படாது. ஆனால் சாயத்தை அவசரமாக உறிஞ்சித் திட்டுத்திட்டாக ஆக்கும். என் விருப்பம் சாதாரண நூல்தான்.

வேண்டியவை

8 முதல் 10 லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் பாத்திரம் ஒன்று. இரும்புச் சட்டி வேண்டாம், நிறத்தை மங்கவைத்துவிடும். சாயத்துக்கு எடுத்த பாத்திரம் சமையலுக்குத் திரும்பக் கூடாது. இதில் சலுகையே இல்லை. 1 கிராம் வரை காட்டும் எடைக் கருவி, 100 டிகிரி வரை காட்டும் வெப்பமானி, மரக்கரண்டி அல்லது மூங்கில் குச்சி, மெல்லிய வேட்டித் துணி, கையுறை, பொடிகளை அளக்கும்போது மூக்குக்கு முகக்கவசம்.

நாட்டு மருந்துக் கடையில் படிகாரம், அன்னபேதி என்ற இரும்பு உப்பு, சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேர், பூந்திக்கொட்டை நான்கும் கிடைக்கும். படிகாரம் கண்ணாடி போல் வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சள் படர்ந்திருந்தால் இரும்பு கலந்திருக்கலாம், சாயம் பொலிவிழக்கும். கேக் பொருட்கள் விற்கும் கடையில் க்ரீம் ஆஃப் டார்ட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அதே மருந்துக் கடையில் மயில்துத்தமும் இருக்கும். பச்சை நிறத்துக்கு அதைச் சொல்பவர்கள் உண்டு. செம்பு உப்பு நீரில் வாழும் உயிர்களுக்கு நஞ்சு. வீட்டுச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்தவர்கள் அதை வாங்க வேண்டாம். பொட்டாசியம் டைகுரோமேட் புற்றுநோய் தரும் பொருள், அதைத் தொடவே வேண்டாம்.

வெள்ளி இரவு: நூலைக் கட்டுதல், கழுவுதல்

நூலை உலர்ந்த நிலையில் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எல்லா அளவும் இந்த எடையை வைத்துத்தான். உருண்டையாக இருந்தால் இரண்டு நாற்காலிகளின் முதுகில் சுற்றிப் பெரிய வளையமாக, அதாவது சிட்டமாக, ஆக்குங்கள். நான்கு இடங்களில் வெள்ளைப் பருத்தி நூலால், எட்டு வடிவில் உள்ளே வெளியே நுழைத்து, தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் கட்டுக்கு அடியில் சாயம் புகாமல் வெள்ளை வளையம் விழும்.

ஆட்டு முடியில் இயல்பாக எண்ணெய்ப் பசை உண்டு. ஆலை நூலிலும் நூற்பு எண்ணெய் இருக்கும். அது போகாவிட்டால் சாயம் ஒட்டாது. ஐந்தாறு பூந்திக்கொட்டையைத் தட்டி, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிய தண்ணீர் போதும். இல்லையென்றால் சாதாரண ஷாம்பு ஒரு தேக்கரண்டி. இதுவும் முடிதானே, முடிக்கு ஒத்துக்கொள்வது இதற்கும் ஒத்துக்கொள்ளும். சலவை சோடா, துணி சோப்பு இரண்டும் வேண்டாம். 45 டிகிரி சூட்டில் நூலை அமிழ்த்தி, கசக்காமல், அழுத்தி அழுத்தி விட்டு, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அதே சூடுள்ள தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள்.

'அதே சூடு' என்று சொன்னதைக் கடந்து போய்விடாதீர்கள். கம்பளி இழையின் மேல் ஓட்டுச்சாய்ப்பு போல அடுக்கடுக்காகச் செதில்கள் இருக்கின்றன. சூட்டிலும் ஈரத்திலும் அவை விரியும். அந்த நேரத்தில் குளிர்ந்த நீரோ கசக்கலோ பட்டால் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும், பிறகு பிரியவே பிரியாது. சூடு ஏறுவதும் இறங்குவதும் மெதுவாக நடந்தால் கம்பளி எத்தனை முறை வேண்டுமானாலும் அடுப்பேறும்.

சனிக்கிழமை: படிகாரம் ஏற்றுதல்

புதியவர்கள் அவசரப்படும் இடம் இதுதான். சாயம் நிற்பதும் ஓடுவதும் பெரும்பாலும் இங்கே முடிவாகிறது. படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு பக்கம் கம்பளியின் புரதத்தையும் மறுபக்கம் சாயத்தையும் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கும். பாடப்புத்தகத்தில் இதை நிறமூன்றி என்பார்கள். நல்ல சொல், நிறத்தை ஊன்றி வைப்பது.

100 கிராம் நூலுக்கு: படிகாரம் 12 கிராம், க்ரீம் ஆஃப் டார்ட்டர் 6 கிராம், தண்ணீர் 4 லிட்டர்.

இரண்டு பொடிகளையும் தனித்தனியாக வெந்நீரில் முழுக்கக் கரைத்துப் பாத்திரத்தில் ஊற்றிக் கலக்குங்கள். ஏற்கெனவே ஒரு மணி நேரமாவது வெதுவெதுப்பான நீரில் ஊறிய நூலை உள்ளே விடுங்கள். உலர்ந்த நூலைப் போட்டால் ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் ஏறும். சிறு தீயில் ஒரு மணி நேரம் எடுத்து 85 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், அங்கேயே ஒரு மணி நேரம் வைத்திருங்கள். அவ்வப்போது குச்சியால் சிட்டத்தைத் தூக்கித் திருப்பினால் போதும், கிண்டக் கூடாது. தளதளவென்று கொதிக்கவும் கூடாது. மலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழி வருவதைப் பார்த்துச் சூட்டை ஊகித்தால் ஏமாறுவோம், வெப்பமானியை நம்புங்கள்.

அடுப்பை அணைத்து, மூடி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் நூலை எடுத்து மெல்லப் பிழிந்து, ஒரே ஒரு முறை அலசினால் சாயத்துக்குத் தயார். அன்றைக்கே சாயம் போட முடியாவிட்டால் நிழலில் உலர்த்தி வைக்கலாம், மாதக்கணக்கில் கெடாது. 'படிகாரம் 12%' என்று ஒரு சீட்டு மட்டும் கட்டிவிடுங்கள். உலர்ந்தபின் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

மிஞ்சிய படிகாரத் தண்ணீரில் இப்போது பெரிதாக ஒன்றும் இருக்காது, கம்பளி இழுத்துக்கொண்டிருக்கும். நான் அதை நீர்த்து, ஹைட்ராஞ்சியா செடியின் அடியில் ஊற்றுவேன். அந்தப் பூ நீலமாவதற்கு மண்ணின் புளிப்பும் அலுமினியமும்தான் காரணம். மலை வீடுகளின் வாசலில் நிற்கும் நீலக் கொத்துகளுக்கும் நம் படிகாரத் தொட்டிக்கும் இப்படி ஓர் உறவு.

ஞாயிற்றுக்கிழமை: மஞ்சிட்டிச் சிவப்பு

சாயங்களில் எனக்கு மனம் நிறைவது இதில்தான். சைபீரியாவின் அல்தாய் மலையில் பனிக்கு அடியிலிருந்து 1949-இல் எடுத்த பாசிரிக் கம்பளம் ஏறக்குறைய 2,400 ஆண்டுப் பழையது. அதில் இன்றும் தெரியும் சிவப்பு மஞ்சிட்டிக் குடும்பத்து வேரின் சிவப்பு. கம்பளி, படிகாரம், அந்த வேர் மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. நம் கரையோரச் சாயவேரும், சித்த மருத்துவத்தில் இம்பூறல் என்பார்களே அதுதான், அதே குடும்பம். இராமேசுவரத்திலிருந்து மன்னார் வரை மணலில் தோண்டி எடுத்த வேர் அது.

மஞ்சிட்டிக் கொடி மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளின் ஓரத்திலேயே படர்ந்திருக்கும். காட்டில் போய்த் தோண்டாதீர்கள். வேரை எடுத்தால் கொடி போய்விடும், சட்டத்துக்கும் புறம்பு. கடையில் வாங்கும்போது ஒரு குச்சியை ஒடித்துப் பாருங்கள், உள்ளே செங்கல் நிறம் தெரிய வேண்டும். வெளுத்த தண்டுகள் மட்டும் நிறைந்த பொட்டலம் வேண்டாம்.

100 கிராம் நூலுக்கு 100 கிராம் மஞ்சிட்டி. இடித்து, வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். ஊறியதை வேட்டித் துணியில் தளர்வான முடிச்சாகக் கட்டி, ஊறிய நீரோடு பாத்திரத்தில் போட்டு 4 லிட்டர் வரை தண்ணீர் சேருங்கள்.

இங்கே தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தச் சிவப்புக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள உப்பு நீர் பிடிக்கும். சமவெளியில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் எடுப்பவர்கள் எதுவும் சேர்க்க வேண்டாம், சமையலுக்கு உதவாத அந்தத் தண்ணீர் இதற்கு வரம். மலை ஊற்று நீர், மழை நீர், சிறுவாணித் தண்ணீர் போன்ற மென்னீர் என்றால், வெள்ளைச் சாக்பீஸ் போல் இருக்கும் கால்சியம் கார்பனேட் பொடியை 2 கிராம் சேருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேறு பொருள், கடுங்காரம், கம்பளியை அரிக்கும்.

ஈர நூலை உள்ளே விட்டு, ஒன்றரை மணி நேரத்தில் மெதுவாக 65 டிகிரிக்கு ஏற்றுங்கள். 70-ஐத் தாண்ட விடாதீர்கள். இந்த வேரில் சிவப்பு மட்டும் இல்லை, மஞ்சளும் பழுப்பும் கலந்தே இருக்கின்றன. சூடு கூடக்கூடப் பழுப்பு முந்திக்கொண்டு இறங்கும். தக்காளிச் சிவப்பு கேட்டு, செம்மண் நிறம் வாங்கிக்கொண்டு நிற்பவர்கள் பெரும்பாலும் தீயைக் கூட்டியவர்கள்தான். 65-இல் ஒரு மணி நேரம், பிறகு அணைத்துவிட்டு மறுநாள் காலை வரை அதே நீரில்.

எடுக்கும்போது சிட்டத்தைக் கட்டிய பருத்தி நூலைப் பாருங்கள். அதே பாத்திரம், அதே படிகாரம், அதே வேர். கம்பளி சிவந்திருக்கும், பருத்திக் கட்டு வெளிர் ரோஜாவில் நிற்கும். இரண்டு நார்களின் குணத்தை இவ்வளவு தெளிவாக வேறு எங்கும் பார்த்ததில்லை.

சாயத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். படிகாரம் ஏற்றிய இன்னொரு சிட்டத்தை அதே வேரோடு போட்டால் இளஞ்சிவப்பு ஆரஞ்சு வரும். மூன்றாவது சிட்டம் பீச் பழத்தோல் போல் இருக்கும். மூன்றையும் சேர்த்துப் பின்னும்போது அவை ஒரே தாயின் பிள்ளைகளாக ஒத்துப்போகும்.

செண்டுமல்லி மஞ்சள்

நிலக்கோட்டையிலும் தோவாளையிலும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பூ. சில ஊர்களில் துலுக்கச் சாமந்தி. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் வண்டிகளிலும் கடை வாசல்களிலும் வாடித் தொங்கும் மாலைகளைக் கேட்டு வாங்கினால் ஓராண்டுக்கு ஆகும். இதழ்களை மட்டும் உதிர்த்து நிழலில் உலர்த்துங்கள். பச்சைக் காம்பைச் சேர்த்தால் மஞ்சள் கொஞ்சம் அழுக்கேறும்.

100 கிராம் நூலுக்குப் புதுப்பூ 300 கிராம், உலர்ந்த இதழ் என்றால் 60 கிராம். முக்கால் மணி நேரம் சிறு தீயில் வேகவைத்து வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, பிறகு நூலை இறக்குங்கள். 80 டிகிரியில் 45 நிமிடம். மணிக்கணக்கில் கொதிக்க விட்டால் மஞ்சள் பழுத்துப் பழுப்பாகும்.

பூ கிடைக்காத நாளில் வெங்காயத் தோல். உலர்ந்த தோல் 40 கிராம், செய்முறை அப்படியே. பொன் நிறத்திலிருந்து துரு ஆரஞ்சு வரை வரும். உணவகச் சமையலறையில் சொல்லி வைத்தால் ஒரே நாளில் ஒரு பை சேர்ந்துவிடும். முதன்முறை செய்பவர்கள் மஞ்சிட்டிக்குச் செலவு செய்யும் முன் இதில் கைபழகுங்கள்.

மாதுளைத் தோல், பிறகு அன்னபேதி

நான் சாயம் போடும்போது கண் முன்னால் வைத்திருப்பது தோடர்களின் பூத்குளிச் சால்வையில் வெள்ளைத் துணி மேல் ஓடும் சிவப்பும் கறுப்பும். சிவப்பு வந்துவிட்டது. கறுப்புக்குப் பக்கத்தில் போக மாதுளைத் தோல் வேண்டும்.

உலர்ந்த தோல் 50 கிராம், ஒரு மணி நேரம் வேகவைத்து வடித்த நீரில் படிகார நூலை 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் கடுகு மஞ்சள் கிடைக்கும். கடுக்காயைப் போலவே இதிலும் துவர்ப்பு நிறைய. இரும்பு பட்டால் அது கறுக்கும். பழைய எழுத்து மை செய்தது இந்தச் சேர்க்கையால்தான்.

வேறொரு பாத்திரத்தில் 4 லிட்டர் தண்ணீரை 45 டிகிரிக்குச் சுடவைத்து, 2 கிராம் அன்னபேதியைக் கரையுங்கள். இரண்டே கிராம். மாதுளை நூலை அதில் முழுக்க அமிழ்த்தித் திருப்பிக்கொண்டே இருங்கள், நிமிடத்தில் சாம்பல் நிறமாகும், பத்து நிமிடத்தில் கரும்பழுப்பு. இன்னும் கறுக்க வேண்டுமென்று அன்னபேதியைக் கூட்டாதீர்கள், இரும்பு அதிகமானால் கம்பளி சொரசொரத்து, நாளடைவில் இற்றுப்போகும். அதற்குப் பதில் அலசிவிட்டு மறுபடி மாதுளை நீரில் முக்கி எடுங்கள், இரண்டாம் சுற்றில் ஆழம் கூடும். செண்டுமல்லி மஞ்சளை இதே அன்னபேதி நீரில் ஐந்து நிமிடம் காட்டினால் பாசிப்பச்சை. அன்னபேதி பட்ட பாத்திரத்தையும் குச்சியையும் தனியாக வையுங்கள், அடுத்த முறை மஞ்சிட்டி அதில் விழுந்தால் சிவப்பு செத்துவிடும். குழந்தைகள் எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டிய பொருளும் அன்னபேதிதான். விழுங்கினால் உயிருக்கு ஆபத்து.

வேண்டாம் என்று நான் சொல்பவை

பீட்ரூட் பாத்திரத்தில் அழகாக இருக்கும், நூலில் நிற்காது, இரண்டாம் அலசலில் போய்விடும். செம்பருத்தியும் சிவப்பு முட்டைக்கோஸும் அப்படியே. மஞ்சள்தூள் படிகாரம் இல்லாமலே கம்பளியில் பளிச்சென்று ஏறும், ஆனால் வெயிலில் வெளுக்கும், சோப்புக் காரம் பட்டால் சிவக்கும். வெள்ளை நூலில் மஞ்சள் வேண்டுமென்றால் செண்டுமல்லி இருக்கும்போது மஞ்சள்தூள் எதற்கு? அவுரி நீலம் இவற்றோடு சேராத தனிக் கலை. அதன் தொட்டிக்குக் காரம் வேண்டும், கம்பளிக்குக் காரம் ஆகாது. அந்தச் சமரசத்தைக் கற்க இந்த மூன்று நிறமும் கைவந்த பிறகு போங்கள்.

அலசல், உலர்த்தல், சோதனை

சாய நீரிலேயே முழுக்க ஆறிய நூலை, அறைச் சூட்டுத் தண்ணீரில் தெளிவாகும் வரை அலசுங்கள். முதல் இரண்டு முறை நிறம் ஓடுவது இயல்பு, ஒட்டாமல் மேலே நிற்கும் துகள்கள் அவை. ஐந்தாவது அலசலிலும் ஓடினால் படிகாரம் சரியாக ஏறவில்லை. அலசும் நீரில் வினிகர் ஊற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. செண்டுமல்லிக்குக் கெடுதலில்லை, மஞ்சிட்டி புளிப்புப் பட்டால் ஆரஞ்சுக்குச் சாயும், அதற்கு வேண்டாம். துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் போக்கி, நிழலில் மூங்கில் கம்பில் மாட்டுங்கள்.

ஒவ்வொரு சிட்டத்திலிருந்தும் ஒரு முழம் வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, பக்கத்தில் நூல் எடை, படிகாரம், சாயப்பொருள், சூடு, நேரம், எந்தத் தண்ணீர் என்று எழுதுங்கள். இன்னொரு முழத்தை அட்டையில் சுற்றி, பாதியைக் கெட்டித் தாளால் மூடி, வெயில் விழும் சன்னலில் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு தாளை எடுத்துப் பாருங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவில் கோடு தெரியவில்லை என்றால் அந்த நிறத்தில் துணிந்து சால்வை பின்னலாம். தெரிந்தால் அந்தச் சிட்டத்தை வெயில் படாத காலுறைக்கு வைத்துக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை படிகாரப் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.